கற்கும் ஆசை குறையாமல் காப்பது எப்படி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்கும் ஆசையை யாரும் ஊட்டுவதில்லை. குழாயைத் திறந்து மூடிப் பார்க்கிறது. கரண்டியைக் கீழே போட்டுச் சத்தத்தைக் கேட்கிறது, மறுபடியும் போடுகிறது. "ஏன்?" என்று கேட்டு, வந்த பதிலுக்கும் "ஏன்?" என்கிறது. அதே குழந்தை பத்து வயதில் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தால், "இது பரீட்சைக்கு வருமா?" என்று மட்டும் கேட்டால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது. பள்ளி, பாடச்சுமை, போட்டி என்று காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை நம்மால் உடனே மாற்ற முடியாது. வீட்டை மாற்ற முடியும்.

கற்பது தன்னுடைய வேலை என்று குழந்தை நினைக்கும் வரை ஆசை தானாக ஓடும். எதைப் படிப்பது, எப்போது, எவ்வளவு, செய்தது சரியா தப்பா என்று எல்லா முடிவும் பெரியவர்கள் கைக்குப் போய்விட்டால், அது அப்பா அம்மாவுக்காகச் செய்து முடிக்கும் காரியமாகிவிடும். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயானும் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்து, ஒருவர் மனமொன்றி ஒரு வேலையைச் செய்ய மூன்று உணர்வுகள் தேவை என்றார்கள். இது என் விருப்பம், என்னால் முடிகிறது, என்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு நான் முக்கியம். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைக் காப்பதற்குத்தான். வரிசை மாறினாலும் பரவாயில்லை. முதல் படியை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதல் படி: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

புத்தகம் வாங்குவது, வகுப்பில் சேர்ப்பது, அட்டவணை போடுவது எதுவும் இப்போது வேண்டாம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதிவையுங்கள். யாரும் சொல்லாதபோது குழந்தை எதைக் கையில் எடுக்கிறது? எதில் நேரம் போவதே தெரியாமல் இருக்கிறது? எதைப் பற்றி நம்மிடம் வலிய வந்து பேசுகிறது?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தை கையில் வைத்திருக்கும் பொருளைவிட, அதை வைத்து என்ன செய்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். பொம்மைக் கார்களோடு மணிக்கணக்கில் விளையாடும் மூன்று குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குகிறாள். ஒருவன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறான். இன்னொருவன் ஒவ்வொரு காருக்கும் பெயர் வைத்துச் சண்டை போடவிட்டுச் சமாதானம் செய்துவைக்கிறான். மூவருக்கும் கார் பிடிக்கும் என்று கார் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் பாதிதான் பலன். முதல் குழந்தைக்கு வகைப்படுத்தப் பிடிக்கிறது. இலைகள், கற்கள், நாணயங்கள் எது கிடைத்தாலும் அவளுக்குக் கொண்டாட்டம். இரண்டாமவனுக்கு இயங்கும் விதம் வேண்டும். மூன்றாமவனுக்குக் கதை வேண்டும்.

இந்த ஒரு வாரம் எதையும் திருத்தாதீர்கள். "ஓ, உனக்கு இதில் ஆர்வமா! அப்படியென்றால் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா?" என்று பாய்ந்துவிடுவதும் வேண்டாம். முளை விடும்போதே பிடுங்கிப் பார்த்தால் செடி நிற்காது.

இரண்டாம் படி: கேள்வியைக் கையாளும் விதம்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் வரவேற்புதான், அடுத்த கேள்வி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

குழந்தை கேட்கும் நேரம் பெரும்பாலும் நமக்கு வசதியான நேரமாக இருக்காது. அடுப்பில் ஏதோ இருக்கும், போனில் யாரோ இருப்பார்கள். அப்போது "சும்மா இரு" என்பதற்கும், "நல்ல கேள்வி, இதை முடித்துவிட்டு வருகிறேன், மறந்தால் ஞாபகப்படுத்து" என்பதற்கும் இடையே மூன்று நொடிதான் வித்தியாசம். ஆனால் சொன்னபடி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

2014ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், பெரியவர்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, எதன் பதிலைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டினார்கள். ஆவலோடு காத்திருந்தபோது பதில் மட்டுமல்ல, அந்தச் சம்பந்தமில்லாத முகமும் நன்றாக மனதில் பதிந்திருந்தது. ஆவல் எழுந்திருக்கும் நேரத்தில் மூளை எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. குழந்தையின் "ஏன்?" அப்படிப்பட்ட நேரம். நாம் அட்டவணை போட்டு வரவழைக்க முடியாதது, தானாக வந்து நிற்கிறது.

ஒரு கேள்வியை எடுத்து முழுதாகப் பார்த்துவிடலாம். "நிலா ஏன் நம் கூடவே வருகிறது?" உலகத்தில் எங்கே இருக்கும் குழந்தையும் ஒருநாள் இதைக் கேட்கும். "அது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அதனால்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பதில் சரிதான். அதற்குமேல் குழந்தை செய்ய எதுவும் இருக்காது.

வேறு வழி இது. முதலில், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி போலத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். வீட்டில் இன்னும் கூடுதலாகவே காத்திருக்கலாம். குழந்தை "அதற்கு என்னைப் பிடிக்கும்" என்று சொன்னால் சிரித்து ஒதுக்காதீர்கள். அது ஒரு கருத்து. "அப்படியானால் நீ இந்தப் பக்கமும் நான் அந்தப் பக்கமும் நடந்தால் யார் கூட வரும்?" என்று கேட்டு, நிஜமாகவே இருவரும் எதிரெதிராக நடந்து பாருங்கள். இருவர் கூடவும் வரும். குழந்தையின் முகத்தில் அப்போது தெரியும் குழப்பம் மதிப்பு மிக்கது. அதை அவசரமாகத் துடைக்காதீர்கள்.

அப்புறம் மூன்று பொருள்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: பக்கத்தில் ஒரு கம்பம், தூரத்தில் ஒரு கட்டடம், மேலே நிலா. நடக்க நடக்கக் கம்பம் சட்டென்று பின்னால் போகிறது. கட்டடம் மெதுவாக நகர்கிறது. நிலா நகர்ந்ததாகவே தெரியவில்லை. தூரம் கூடக் கூட நகர்வு குறைகிறது என்பதைப் பெரும்பாலும் குழந்தையே சொல்லிவிடும். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற எண்ணை அந்த இடத்தில் சொன்னால் அதற்கு ஒரு பொருள் இருக்கும். ஆர்வம் நீடித்தால் ஒரு மாதம் தினமும் நிலாவை வரையலாம். ஒரு நாளுக்கு அடுத்த நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது, ஏறத்தாழ 29 1/2 நாளில் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்பதெல்லாம் அந்தப் படங்களிலிருந்தே வெளியே வரும். ஆர்வம் மூன்றாம் நாளே போய்விட்டதா? விட்டுவிடுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் இப்படிச் செய்யலாமா என்றால், கூடாது. எதைக் கேட்டாலும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கும் பெற்றோரிடம் குழந்தை கேட்பதையே நிறுத்திவிடும். சில நேரம் அதற்கு வேண்டியது வெறும் பதில்தான். கேட்டது பெயரோ எண்ணோ தகவலோ என்றால் சொல்லிவிடுங்கள். ஏன், எப்படி என்று கேட்டால், நேரமும் இருந்தால், சேர்ந்து தேடுங்கள். தெரியாததற்குத் "தெரியாது, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். வீட்டில் ஒரு தாளை ஒட்டி, பதில் தெரியாத கேள்விகளை அதில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். பெரியவர்களின் கேள்விகளும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கைக்கு எட்டும் பொருள்கள், யாரும் தொடாத நேரம்

விலை கூடிய கல்விப் பொம்மைகள் தேவையில்லை. தாள், பென்சில், வண்ணம், பசை, ஒட்டுநாடா, நூல், கத்தரிக்கோல், உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவு நாடா, சமையலறைத் தராசு, காலி டப்பாக்கள். இவை பூட்டிய அலமாரியில் இல்லாமல், குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். "அம்மா, எடுத்துக் கொடு" என்று கேட்க வேண்டியிருந்தால் பாதி யோசனைகள் வாய்க்கு வரும் முன்பே செத்துவிடும். கெட்டுப்போன கடிகாரம், பழைய விசைப்பலகை போன்றவற்றைப் பிரித்துப் பார்க்கக் கொடுக்கலாம். ஆனால் பொத்தான் அளவு பேட்டரிகளும் சின்னச் சின்ன வலுவான காந்தங்களும் சிறு குழந்தையின் கையில் சிக்கவே கூடாது. விழுங்கினால் உள்ளுறுப்புகளைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு புதுப் பொருளைக் கொடுக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உடனே காட்டிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. 2011ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பற்றித்தான். பல குழாய்கள் கொண்ட ஒரு பொம்மை. ஒன்றை இழுத்தால் சத்தம் வரும், ஒன்றில் விளக்கு எரியும், ஒன்றுக்குள் கண்ணாடி, ஒன்றில் இசை. சில குழந்தைகளிடம் "இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன், பார்" என்று சொல்லிச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். மற்றக் குழந்தைகளிடம் அப்படிக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் நெடுநேரம் நோண்டி, ஒளிந்திருந்தவற்றில் அதிகம் கண்டுபிடித்தார்கள். பெரியவர் காட்டிவிட்டால் அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆபத்தில்லாத எதையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நேரம்தான் பொருள்களைவிடத் தட்டுப்பாடானது. பள்ளி, அப்புறம் தனிவகுப்பு, அப்புறம் இன்னொரு வகுப்பு, அப்புறம் வீட்டுப்பாடம். இதில் குழந்தை தன் யோசனையைத் தொடர எந்த இடமும் இல்லை. தினமும் ஒரு மணி நேரமாவது எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். "போரடிக்கிறது" என்று வந்து நிற்கும். நிற்கட்டும். அந்தச் சலிப்பு தாண்டித்தான் சொந்த விளையாட்டு தொடங்குகிறது. பாதியில் நிற்கும் அட்டை வீட்டையும் அரைகுறைப் படத்தையும் சுத்தம் செய்கிறேன் என்று தினமும் கலைத்துவிடாதீர்கள். ஒரு மூலை அலங்கோலமாகவே இருக்கட்டும், நாளைக்குத் தொடர ஏதாவது வேண்டும்.

நான்காம் படி: ஒன்றிலேயே நின்று பார்க்கப் பழக்குங்கள்

மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் கட்டும் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காகப் பேசியபோது, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். 1848லும் 1860லும் என்று இரண்டு கிறிஸ்துமஸ் காலங்களில் இதையே எடுத்துக்கொண்டார். அவ்வளவு விஷயம் ஒரு மெழுகுவர்த்திக்குள் இருக்கிறது.

வீட்டிலும் செய்யலாம், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எரியும் சுடரைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். எத்தனை நிறம் தெரிகிறது? எரிவது திரியா, மெழுகா? சுடரை ஊதி அணைத்ததும் வெண்புகை ஒன்று மேலே எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் தொடாமல், அந்தப் புகையின் மேல் கொஞ்சம் உயரத்தில் காட்டினால், நெருப்பு புகை வழியாகவே இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். ஆவியாகிப்போன மெழுகுதான் அந்தப் புகை, எரிவதும் அதுவே. குழந்தை இதைப் பத்து முறை செய்யச் சொல்லும். பத்து முறையும் செய்யுங்கள். ஒரு மாலையில் ஐந்து பரிசோதனைகள் காட்டுவதைவிட ஒன்றை ஐந்து மாலைகள் செய்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்தாம் படி: வாசிப்பு

குழந்தை தானாக வாசிக்கத் தொடங்கியதும் பல வீடுகளில் வாசித்துக் காட்டுவது நின்றுவிடுகிறது. நிறுத்தாதீர்கள். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனைவிடப் பல வருடம் முன்னால் ஓடும். ஏழு வயதுக் குழந்தையால் தனியாகப் படிக்க முடியாத கதையைக் கேட்டு ரசிக்க முடியும். அது கிடைத்தால்தான், எழுத்துக்கூட்டும் சிரமத்தைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதும் அதற்குத் தெரியும்.

படங்களோடு உள்ள கதையை நாமே கடகடவென்று படித்து முடிக்காமல், நடுவே நிறுத்திக் குழந்தையைச் சொல்லவிடும் முறையைக் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988ல் சோதித்துப் பார்த்தார். ஒரு மாதப் பழக்கத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சுத் திறன் கூடியிருந்தது. "இவன் ஏன் ஒளிந்துகொள்கிறான்?", "அடுத்து என்ன நடக்கும்?" போன்ற, ஆம் இல்லை என்று முடியாத கேள்விகள் போதும். ஆனால் கதை முடிந்ததும் பரீட்சை வைக்காதீர்கள். "இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்பது கதைக்குப் பிந்தைய சந்தோஷத்தை ஒரே நொடியில் பாடமாக்கிவிடும்.

சித்திரக்கதை படித்தாலும் வாசிப்புதான். ஒரே புத்தகத்தை நாற்பதாவது முறை கேட்டாலும் சரி. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடினாலும் சரி, நாமும் அப்படித்தானே செய்கிறோம். எந்த மொழியில் நீங்கள் சரளமாக யோசித்துப் பேசுவீர்களோ, அந்த மொழியிலேயே கதையும் விளக்கமும் சொல்லுங்கள். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசும் பெற்றோரிடமிருந்து குழந்தைக்குக் கிடைப்பது சுருங்கிய உரையாடல்தான்.

ஆறாம் படி: உதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள்

அன்பின் பெயரால் நாம் அதிகம் தவறுவது இங்கேதான். சட்டைப் பொத்தானில் தொடங்கி அறிவியல் கண்காட்சி மாதிரி வரை, குழந்தை திணறுவதைப் பார்த்ததும் கை தானாக நீள்கிறது. லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னது இது: குழந்தை தனியாகச் செய்யக்கூடியது ஒரு எல்லை, யாராவது கொஞ்சம் துணை நின்றால் செய்யக்கூடியது அதற்கு அப்பால் இன்னொரு எல்லை. கற்றல் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். 1976ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும், 21 மரத்துண்டுகளைப் பூட்டிப் பிரமிடு கட்டும் வேலையை 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல துணை எப்படி இருக்கும் என்று எழுதினார்கள். குழந்தை தடுமாறினால் உதவி கூடுகிறது, சமாளித்தால் உதவி விலகுகிறது.

நடைமுறையில் இதை ஒரு வரிசையாக வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒன்றும் செய்யாமல் காத்திருங்கள். அப்புறம், "இதுவரை என்ன செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். பல சிக்கல்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே அவிழ்ந்துவிடும். அதற்கும் நகரவில்லையா, "இந்த இடத்தைப் பார்" என்று மட்டும் காட்டுங்கள். கடைசியாகத்தான் ஒரே ஒரு அடியைச் செய்து காட்டி, மீதியைத் திரும்ப அதன் கையில் கொடுக்க வேண்டும். பேனா நம் கையில் இருக்கும் நேரம் குறையக் குறைய நல்லது.

வீட்டுப்பாடத்துக்கும் இதே வழிதான். அது குழந்தைக்கும் ஆசிரியருக்கும் இடையிலான விஷயம். அமைதியான இடம், குறித்த நேரம், பக்கத்தில் இருக்கிறோம் என்ற தெம்பு, இவை நம் பங்கு. விடைகளைத் திருத்தி முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தால், குழந்தைக்கு எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடும்.

கணிதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2015ல் வெளியான ஓர் ஆய்வில், கணிதம் என்றாலே பதற்றப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அவர்களின் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள்; கணிதப் பயமும் கூடியது. அதே பதற்றம் உள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாதபோது இந்தப் பாதிப்பு தெரியவில்லை. "எனக்கும் கணக்கு வரவே வராது" என்று ஆறுதலுக்காகச் சொல்வதைக்கூட நிறுத்திவிடுவது நல்லது. அதற்குப் பதில் கணக்கை மேசையிலிருந்து இறக்கிவிடுங்கள். மாவு அளப்பது, மீதிச் சில்லறை எண்ணுவது, வீட்டின் நீளத்தை முதலில் உத்தேசமாகச் சொல்லிவிட்டு அப்புறம் அளப்பது, சீட்டு, தாயம். இங்கே தப்பானால் யாரும் சிவப்பு மையில் சுழிப்பதில்லை.

ஏழாம் படி: பாராட்டும் பரிசும்

படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளை வைத்து, 1973ல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஏற்கெனவே பிடித்த வேலைக்கு விலை வைத்தால், விலை இல்லாதபோது ஏன் செய்ய வேண்டும் என்று ஆகிவிடுகிறது. ஒரு புத்தகம் படித்தால் இவ்வளவு பணம், முதல் இடம் வந்தால் சைக்கிள் என்ற ஒப்பந்தங்களை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறேன். துளியும் விருப்பமில்லாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலையைத் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு உதவலாம். அதில் இழக்க ஆர்வம் ஏதுமில்லை.

பாராட்டு வேறு. அது வேண்டும். எதைப் பாராட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிரை முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் தடுமாறியபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், எளிதானதையே தேடினார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் குழந்தையின் எதிர்காலமே மாறிவிடும் என்று பின்னாளில் பரவிய நம்பிக்கை மிகையானது. அதன் அடியில் இருக்கும் அறிவுரை நல்லது: பார்த்ததைச் சொல்லுங்கள். "சூப்பர்!" என்பதைவிட, "முதலில் வைத்த அடித்தளம் சரிந்ததும் அகலமான அட்டைக்கு மாற்றினாயே, அதனால் நிற்கிறது" என்பது குழந்தைக்கு எவ்வளவோ பயன்படும். நீங்கள் நிஜமாகவே கவனித்தீர்கள் என்றும் அதற்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு, அண்ணனோடு, தங்கையோடு ஒப்பிடுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. செய்யாதீர்கள்.

எட்டாம் படி: படித்தது நிற்கும் வழியைக் காட்டுங்கள்

ஆசை மட்டும் இருந்து, படித்தது எதுவும் நிற்காவிட்டால் "எனக்கு வராது" என்ற எண்ணம் வந்துவிடும். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். 2006ல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் மாணவர்களைப் படிக்கவைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது.

வீட்டில் இதற்கு எளிய வழி, குழந்தையை ஆசிரியராக்குவது. தாத்தாவிடமோ தம்பியிடமோ சொல்லிக்கொடுக்கட்டும். கேட்பவர் நிஜமாகவே தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் திக்கும் இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம். இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை, ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. ஒரே இரவில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இது குறைந்த நேரம்தான் கேட்கும்.

ஒன்பதாம் படி: நீங்களும் எதையாவது கற்றுக்கொண்டிருங்கள்

குழந்தையைப் "போய்ப் படி" என்று அனுப்பிவிட்டு நாம் போனில் மூழ்கியிருந்தால், படிப்பு என்பது சிறுவர்களுக்கான தண்டனை, பெரியவர்கள் தப்பித்துவிட்டவர்கள் என்றுதான் அதற்குப் புரியும். புது மொழி, தையல், இசை, தோட்டம், சதுரங்கம், எதுவானாலும் சரி. திணறுவது குழந்தையின் கண்ணில் பட வேண்டும். "மூன்று நாளாக இந்தத் தாளம் வரவில்லை, இன்று மெதுவாக வாசித்துப் பார்க்கிறேன்" என்று சாப்பிடும்போது சொல்லுங்கள். அதைவிட நல்லது, குழந்தைக்குத் தெரிந்த ஒன்றை அதனிடமே கற்றுக்கொள்வது.

பத்தாம் படி: திரையும் தூக்கமும்

உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. பெரிய பிள்ளைகளுக்கு நிமிடக் கணக்கைவிட, அந்த நேரம் எதைத் தள்ளிவிட்டது என்று பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். தூக்கத்தையா, ஓடியாடுவதையா, பேச்சையா? அடுத்து, பார்த்தது திரையை விட்டு வெளியே வருகிறதா? காகித விமானம் மடிப்பதைப் பார்த்துவிட்டு ஐந்து விமானங்கள் மடித்தால் அது கற்றல். தானாக ஓடும் அடுத்த காணொளி, அதற்கடுத்தது என்று போனால் நிறுத்த வேண்டியதுதான். தானாக ஓடும் வசதியை அணைத்துவைப்பது நல்ல தொடக்கம்.

தூக்கத்தை யாரும் படிப்போடு சேர்த்து யோசிப்பதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2016 பரிந்துரைப்படி 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12, 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பிள்ளையின் மறுநாள் ஆர்வமின்மைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆர்வம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால்

முதலில் உடம்பைப் பாருங்கள். பலகையில் எழுதியது மங்கலாகத் தெரியும் குழந்தைக்கு, மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்ற நினைப்பு இருக்கும், சொல்லத் தெரியாது. கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள். பேச்சில் கெட்டிக்காரியாக இருக்கும் பெண் எழுத்துக்கூட்டும்போது மட்டும் விடாமல் திணறினால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அது அறிவுக் குறைவோ சோம்பலோ அல்ல. சீக்கிரம் கண்டுபிடித்து, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துச் சொல்லிக்கொடுத்தால் நல்ல முன்னேற்றம் வரும். "அக்கறை இல்லை" என்று திட்டு வாங்கியே மூன்று வருடம் போய்விட்டால், அதற்குள் குழந்தையும் அதை நம்பத் தொடங்கியிருக்கும். ஒரு பாடத்தில் மட்டும் சட்டென்று வெறுப்பு வந்தால், அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று மெதுவாக விசாரியுங்கள். கேலி, அடி, அவமானம் எதுவாகவும் இருக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால் முதல் படிக்குத் திரும்புங்கள். வீட்டில் படிப்பைப் பற்றிய பேச்சை இரண்டு வாரம் பாதியாகக் குறைத்து, பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் குழந்தையோடு உட்காருங்கள். கிரிக்கெட் புள்ளிவிவரமோ, மீன் வளர்ப்போ, பாட்டு இயற்றுவதோ. அதில் அதற்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாததாக இருக்கும். கேளுங்கள். பதின்ம வயதுப் பிள்ளையிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் ஒற்றைச் சொல் பதில்தான் வரும். சேர்ந்து நடக்கும்போதும் பாத்திரம் துடைக்கும்போதும் அதே பிள்ளை நிறையப் பேசும். அந்தப் பேச்சை மதிப்பெண் பக்கம் திருப்பாமல் இருந்தால், அடுத்த நாளும் பேசும்.